தள்ளுபடியில் வாங்கியது

"உடைஞ்சு போச்சா மேடம்? கவலைப்படாதீங்க. எங்க சாமான் எது உடைஞ்சாலும் புதுசு தந்துடுவோம். பில்லு கூட வேண்டாம்" என்றாள் கவுன்ட்டரில் நின்ற பெண்.

நோரீன் கைப்பையிலிருந்து ஒரு புகைப்படத்தை எடுத்து அவள்முன் வைத்தாள். ஈரி ஏரியில் பிடித்த மீனைத் தூக்கிக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தான் கர்ட்டிஸ்.

"என் புருஷன். உங்க ஸ்டாண்டை நம்பித்தான் வண்டிக்கு அடியில படுத்தான். புதுசு குடுப்பீங்களா?"

அந்தப் பெண் முகம் சிவந்துபோய், மேலாளரைக் கூப்பிட ஓடினாள்.

நோரீனுக்குப் பின்னால் மாமனார் வெர்னன் ஸ்டாண்டுப் பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி நின்றார். இந்த மலிவு விலைக் கருவிக் கடைக்குள் அவர் கால் வைப்பது இதுதான் முதல் தடவை.

கர்ட்டிஸின் பிறந்தநாளுக்கு அந்த ஜோடி ஸ்டாண்டை நோரீன்தான் வாங்கினாள். பேப்பரோடு வந்த தள்ளுபடிச் சீட்டைக் கத்தரித்து வைத்திருந்து, பள்ளிச் சமையலறை வேலை முடிந்த கையோடு வந்து வாங்கியது. ஜாக்கியால் தூக்கிய வண்டியைத் தாங்கி நிற்கிற சாமான் அது. கீழே படுத்து வேலை பார்க்கிறவனின் உயிர் அதன்மேல்தான்.

கேக் மேசையில் வெர்னன் பெட்டியைப் பார்த்துவிட்டார். ஆயுள் முழுக்க ஆலையில் மெக்கானிக்காக இருந்த மனிதர். ஆலை வாசலுக்கு வரும் வேனில் தவணைக்கு வாங்கிய உயர்ந்த ரகக் கருவிகளை இன்னும் தினம் துடைத்து வைப்பவர்.

"ஏம்மா, இது பூந்தொட்டி வைக்கவா?"

"இதுவும் இரும்புதான் மாமா."

"பீன்ஸ் டப்பாவும் இரும்புதான். டேய் கர்ட்டிஸ், இதுக்கு அடியில படுக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லிடு. கறுப்புக் கோட்டை இஸ்திரி போட்டு வெக்கணும்."

எல்லாரும் சிரித்தார்கள். கர்ட்டிஸும் சிரித்தான். காது மட்டும் சிவந்திருந்தது.

மார்ச்சில் ஒரு மதியம் வீட்டு ஷெட்டில் பிரேக் மாற்றிக்கொண்டிருந்தபோது வண்டி அவன்மேல் இறங்கிவிட்டது. நோரீன் வேலையிலிருந்து வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. முதலில் ஓடிவந்தவர் அடுத்த தெருவிலிருந்த வெர்னன்தான். பிறகு அந்த ஷெட்டைக் கழுவிச் சாமான்களை எடுத்துப் போனவரும் அவர்தான்.

அவள் அந்தப் பக்கம் போகவில்லை. யாரிடமும் எதையும் கேட்கவும் இல்லை. கேட்க என்ன இருந்தது? வாங்கிக் கொடுத்தவள் அவள்.

அடக்கத்தன்று கறுப்புக் கோட்டில் நின்ற வெர்னன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அதற்கப்புறமும் பார்த்ததில்லை. ஞாயிறுதோறும் வந்து புல்லை வெட்டிவிட்டுக் குனிந்த தலையோடு போய்விடுவார். வாய்விட்டுத் திட்டினாலாவது தேவலை என்று அவள் நினைக்காத ஞாயிறு கிடையாது.

போன வாரம் பேப்பரோடு வந்த விளம்பரத்தில் அதே ஸ்டாண்டு, அதே தள்ளுபடி. அன்றைக்கே அவரிடம் போனாள்.

"அதை எங்க வெச்சிருக்கீங்க மாமா? கடைக்கு எடுத்துட்டுப் போகணும்."

"விட்டுடும்மா. எடுத்துட்டுப் போனா மட்டும் வந்துடுவானா?"

"இன்னொருத்தி வாங்கிட்டுப் போய்ப் புருஷன்கிட்ட குடுப்பா. அவளாவது நல்லா இருக்கட்டும்."

இன்று காலை பெட்டியோடு அவள் வாசலில் வந்து நின்றார். பெட்டியைச் சுற்றிய மஞ்சள் பட்டை இறுக்கமாக இருந்தது. அவள் கண்ணில் படக்கூடாதென்று மறுபடி கட்டியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். காரில் பின்சீட்டில் வைக்கச் சொல்லியும் கேட்காமல், அவ்வளவு கனத்தையும் வழியெல்லாம் மடியிலேயே வைத்திருந்தார்.

மேலாளர் வந்தார். படத்தைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிக்கொண்டார்.

"என்ன சொல்றதுன்னு தெரியலம்மா. நான் என்ன பண்ணணும், சொல்லுங்க."

"அலமாரியில இருக்கிற எல்லாத்தையும் எடுத்துடுங்க. விலை கம்மின்னு நான்தான் வாங்கினேன். நானே அவனை…" படத்தை எடுத்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

"அம்மா, அந்தப் பெட்டியை நான் ஒரு தடவை பார்க்கலாமா?"

மேலாளர் கை நீட்டினார். வெர்னன் பெட்டியை விடவில்லை.

"குடுங்க மாமா."

"வீட்டுக்குப் போயிடலாம்மா."

"குடுங்க."

கொடுத்தார். கொடுத்த பிறகும் கைகள் பெட்டி இருந்த இடத்திலேயே நின்றன.

மேலாளர் பட்டையை வெட்டும்போது நோரீன் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ரத்தக் கறை இருந்தால் பார்க்கக்கூடாது என்று கண்ணையும் மூடிக்கொண்டாள். பிளாஸ்டிக் உறை கிழியும் சத்தம் கேட்டது.

"அம்மா," என்றார் மேலாளர் தயங்கி. "இது புதுசும்மா. எண்ணெய்த் தாளைக்கூடப் பிரிக்கலை."

நோரீன் திரும்பினாள். இரண்டு ஸ்டாண்டும் சிவப்புப் பெயின்ட் மின்ன, ஒரு கீறல் இல்லாமல் கிடந்தன. பெட்டியின் மூடியில் அவள் சுற்றிக் கொடுத்த பரிசுத் தாளின் ஒரு துண்டு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

அந்த மார்ச்சுக்குப் பிறகு முதல் தடவையாக வெர்னன் அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"அன்னிக்கு வண்டிக்கு அடியில இருந்தது என்னோட ஸ்டாண்டும்மா."