ஓட்டுத்தையல்

ஒரே நாட்டுக்காரர்கள் இரண்டு பக்கமாக நின்று சுட்டுக்கொண்ட காலம். தவமலர் தன் கூறைச்சேலையை வெட்டாமல் மடித்து மூட்டையாகத் தைத்தாள். மண் நிரப்பிப் பதுங்குகுழியின் வாயில் வைத்தாள்.

"இந்த ஓட்டுத்தையல் எத்தனை நாளைக்கடி தாங்கும்?" என்றாள் பக்கத்துக் குழிக்காரி.

"சண்டை முடிஞ்சதும் பிரிச்சு உடுக்கவேணும் அக்கா. இறுக்கித் தைச்சால் பட்டு கிழிஞ்சிடும்."

அந்தப் பேச்சை நம்பித்தான் சேலை மூன்று மழைக்காலம் ஈர மண்ணைச் சுமந்தது.

வயலுக்கு அப்பால், சிப்பாய்களின் காவலரணில் ஓர் அரிசிச் சாக்கு இருந்தது. அதற்கும் வயிறு நிறைய மண்தான்.

"என்ன கல்யாணப் பெண்ணே, இன்னும் கிழியவில்லையா?" என்று அது தினமும் கத்தும்.

"முதலில் உன் ஓட்டையைப் பார்" என்று சேலை திருப்பிக் கொடுக்கும்.

கடைசி வாரம் ஷெல்லடி ஓயவே இல்லை. ஒரு ஷெல் தவமலரின் குழியின் பின்பக்கம் விழுந்தது. அதன்பிறகு தவமலர் வெளியே வரவில்லை. மூன்றாம் நாள், போர் முடிந்துவிட்டதென்று ஒலிபெருக்கி சொன்னது. சிப்பாய்கள் பட்டாசு கொளுத்தினார்கள்.

குழிகளை மூட புல்டோசர் வந்தது. இரு பக்கத்து மூட்டைகளையும் ஒன்றாகவே தள்ளிக்கொண்டு போனது. சாக்கும் சேலையும் முதன்முறையாக உரசிக்கொண்டன.

"இனி அவள் உன்னைத் துவைத்து உடுத்துவாள்" என்றது சாக்கு. இந்த முறை அதன் குரலில் கேலி இல்லை.

குழி விளிம்பில் சேலையின் தையல் விட்டது. மண் அங்கேயே கொட்டிப்போக, சேலை மட்டும் அகலமாக விரிந்து, கீழே கிடந்தவள் மேல் விழுந்தது.

"அவள் பிரித்துவிட்டாளா?" என்று மேலிருந்து சாக்கு கேட்டது.

"இல்லை. நானே பிரிந்துகொண்டேன்."