எல்ஃப்ரீடாவின் வேட்டை வகுப்பு

"மறுபடியும் ரத்தம்னு சொல்லிட்டீங்க. இன்னிக்கும் கோப்பை உங்களுக்குத்தான்" என்றார் வாத்தியார் வீலாண்ட்.

எல்ஃப்ரீடா எழுந்தாள். பதினாறு பேர் காபி குடித்த கோப்பைகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டு போய்க் கழுவிவிட்டு வந்தாள்.

வேட்டைக்காரர்கள் ரத்தம் என்று சொல்ல மாட்டார்கள். அடிபட்ட மானிலிருந்து வழிவது வியர்வை. முயலுக்கு இருப்பது காது அல்ல, கரண்டி. மானுக்குக் கண்ணல்ல, விளக்கு. வேட்டை உரிமத் தேர்வு எழுத வந்தவர்கள் வாயில் ஊர்ப் பேச்சு வந்துவிட்டால் அன்றைக்குக் கோப்பை கழுவ வேண்டும் என்பது வகுப்பின் சட்டம். எட்டு சனிக்கிழமைகளில் ஆறு சனிக்கிழமை, பாவம், அவள்தான் கழுவினாள்.

அறுபத்து நாலு வயது. வேறு மாவட்டத்திலிருந்து இரண்டு பஸ் மாறி, ஹனோவருக்கு வடக்கே இருந்த அந்த ஊருக்கு வருவாள். உணவு விடுதியின் பின்னறையில் கடைசி பெஞ்சில் உட்காருவாள். கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடக்கும். பாதி வகுப்பில் தலை தொங்கும், யாரோ கிள்ளியதுபோல் நிமிர்ந்து மறுபடி எழுதுவாள்.

வீலாண்டுக்கும் அலுப்புக்குக் குறைவில்லை. வாரம் ஐந்து நாள் மர லாரி ஓட்டிவிட்டு, ஆறாம் நாள் இந்தக் கூட்டத்தோடு தொண்டை வறளக் கத்த வேண்டும். இதில் இவளால் ஒரு இடம் வீணாகிறதே என்று அவருக்கு எரிச்சல்.

"துப்பாக்கிப் பயிற்சிக்கு நீங்க ஏன் ஒரு நாள்கூட வரல?"

"எனக்கு அது வேண்டாம் சார்."

"சட்ட வகுப்புக்கு?"

"அதுவும் வேண்டாம். இந்த வார்த்தை வகுப்பை மட்டும் முழுசா கேட்டுட்டுப் போயிடறேன்."

முன் பெஞ்சு ஹென்னிங்குக்கு வாய் சும்மா இருக்காது. "வாத்தியாரே, அம்மா மான்கறியைத் தொடவே மாட்டாங்களாம். முப்பது வருஷமா வேட்டைப் பேச்சை வீட்டு வாசப்படி ஏற விட்டதில்லன்னு அவங்களே சொன்னாங்க. வேவு பார்க்க வந்திருக்காங்க. அடுத்த வாரம் பாருங்க, மிருகங்களைக் கொல்லாதேன்னு ஒரு கூட்டம் பலகை புடிச்சுக்கிட்டு வாசல்ல நிக்கும்!"

எல்லோரும் சிரித்தார்கள். எல்ஃப்ரீடா குனிந்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள்.

வீலாண்ட் சிரிக்காமல் வந்து அவள் நோட்டை எடுத்துப் புரட்டினார். இடப்பக்கம் வேட்டைச் சொல், வலப்பக்கம் ஊர்ச் சொல். எட்டு வாரமாக அப்படியே எழுதியிருந்தாள்.

"தலைகீழா எழுதி வெச்சிருக்கீங்களேம்மா! தேர்வுல காதைக் காட்டிக் கேப்பாங்க, நீங்க கரண்டின்னு சொல்லணும். கரண்டின்னா என்னன்னு உங்களை ஒருத்தரும் கேக்கப் போறதில்ல."

"எனக்கு இப்படித்தான் சார் வேணும்."

வீலாண்டுக்குப் பொறுமை போய்விட்டது. "இங்க பாருங்க. உங்க இடத்துக்கு ஒருத்தன் ரெண்டு மாசமா காத்துக்கிட்டிருக்கான். இன்னொரு தடவை ஏதாவது கோளாறு பண்ணினா பேரை அடிச்சுடுவேன்."

அவள் முகம் வெளுத்துப்போனது. "இன்னும் மூணு சனிக்கிழமைதானே சார்? பாதியில விட்டுட்டா நான் என்ன செய்வேன்?" என்று கெஞ்சினாள். உரிமமே வேண்டாம் என்பவள் எதற்கு இப்படிக் கெஞ்சுகிறாள் என்று வீலாண்டுக்கு விளங்கவில்லை. கையை ஆட்டி உட்காரச் சொன்னார்.

"சரி, அடுத்தது. மான் தண்ணி குடிக்குதுன்னு யாராவது சொன்னா அதுக்கும் கோப்பைதான். மான் குடிக்காது, மொள்ளும். ஓடையில மொள்ளுது, குட்டையில மொள்ளுது, அப்படித்தான் சொல்லணும்."

கடைசி பெஞ்சில் பேனா கீழே விழுந்தது.

"மொள்றதுன்னா... குடிக்கிறதா சார்?" எல்ஃப்ரீடா எழுந்து நின்றிருந்தாள். "தாகத்துக்கா?"

"பின்னே, துணி துவைக்கவா?" என்றான் ஹென்னிங்.

அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை. கோட்டில் ஒரு கையை மட்டும் நுழைத்துக்கொண்டு, நோட்டையும் எடுக்காமல் கதவை நோக்கி ஓடினாள். வீலாண்ட் குறுக்கே வந்து நின்றார்.

"இப்ப வாசலைத் தாண்டினா பேர் அடிச்சாச்சு. அப்புறம் வரவே வேண்டாம்."

"அடிச்சுக்குங்க சார். நான் வீட்டுக்குப் போகணும்."

"அடுத்த பஸ்ஸுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கு. அப்படி என்னம்மா தலை போற அவசரம்?"

"காலையில நான் கிளம்பற வரைக்கும் அவர் மொள்ளணும், மொள்ளணும்னுதான் சார் திருப்பித் திருப்பிச் சொன்னாரு. எனக்குப் புரியல." அவள் கண்ணில் நீர் முட்டியது.

"யாரு?"

"என் வீட்டுக்காரர் சார், வேட்டைக்காரர். பக்கவாதம் வந்ததுலேர்ந்து அவர் வாயில இந்தப் பேச்சு மட்டும்தான் மிஞ்சியிருக்கு."