ஐந்து பேரும் உள்ள படம்

சுத்தியலோடு அரை மணி நேரமாக ஏணியில் நின்றுகொண்டிருந்தேன். கீழே குரியாக்கோஸ் அச்சாயன் கம்ப்யூட்டரில் படம் தேடிக்கொண்டிருந்தார். சாயங்காலம் அவருடைய தம்பி தங்கைகள் நாலு பேரும் வருகிறார்கள். அதற்குள், பெற்ற அம்மச்சியோடு பிள்ளைகள் ஐந்து பேரும் இருக்கிற படம் கூடத்தில் தொங்கியாக வேண்டும்.

"நாப்பதாயிரம் படம், குட்டப்பா. வருஷத்துக்கு ஒரு ஃபோல்டர். ஒவ்வொண்ணுலயும் யாரு இருக்காங்கன்னு குறிச்சு வச்சிருக்கேன். பேரைத் தட்டினா ஒரு நிமிஷத்துல வந்து நிக்கும்."

"அந்த நிமிஷம் இன்னும் வரலையே, அச்சாயா."

ஒட்டகம் என்று தட்டினால் அவர் துபாயில் எடுத்த நூற்றிருபது படம் வந்தது. அம்மச்சியோடு ரெஜியும் ஜோமோனும் வந்தால் சாபு இல்லை. சாபுவைச் சேர்த்தால் லிஸி கனடாவில். லிஸி ஊருக்கு வந்த வருஷம் அச்சாயனுக்கே துபாயில் லீவு இல்லை.

"நீங்க குறிச்சு வச்சதுல ஒரு குறையும் இல்ல. பிள்ளைங்க வந்ததுலதான் குறை."

"வாயை மூடுடா... ஆங், கிடைச்சிருச்சு! ஒண்ணே ஒண்ணு!"

இறங்கிப் போய்ப் பார்த்தேன். ஐந்து பேரும் வரிசையாக, வெள்ளை உடுப்பில், கேமராவையே பார்த்தபடி நின்றார்கள். ஒரே நாளில் ஐந்து பேருக்கும் லீவு கிடைத்த அதிசயம் போன வருஷம் இதே தேதியில் நடந்திருந்தது.

"நல்லா விழுந்திருக்குல்ல?" என்றார் அச்சாயன்.

"எல்லாரும் நல்லா விழுந்திருக்காங்க" என்றேன்.

அம்மச்சி மட்டும் கேமராவைப் பார்க்கவில்லை. நடுவில் பெட்டிக்குள், பூக்களுக்கிடையே கண்ணை மூடிப் படுத்திருந்தார்.