வெங்காயத் தோலின் பரீட்சை

குப்பைக்குப் போகவிருந்த வெங்காயத் தோலை ஆய்வகத்தார் எடுத்துவந்து சாறெடுத்தார்கள். மறதி பிடித்த கிழ எலிக்குப் பத்து நாள் அதைப் புகட்டினார்கள். பிறகு பரீட்சை. வளைவும் திருப்பமுமான பெட்டிக்குள், வேர்க்கடலை இருக்கும் மூலையை எலி நினைவு வைத்துப் போய்ச் சேர வேண்டும். மறந்தால், மிச்சத் தோலுக்கு மறுபடி குப்பைத்தொட்டிதான்.

மேசைமேல் சீசாவுக்குள் தோல் படபடத்தது. "இடப்பக்கம் திரும்புங்க பெரியவரே!"

"சும்மா இரு, எனக்கு ஞாபகமிருக்கு," என்ற எலி ஒரே ஓட்டமாய் ஓடிக் கடலையைப் பிடித்துவிட்டது. ஆய்வகமே கைதட்டியது. தோலுக்குத் தலைகால் புரியவில்லை.

"எல்லாம் என் மூளை!" என்றபடி எலி கடலையின் சிவப்புத் தோலை உரித்துத் துப்பியது.

வெங்காயத் தோலுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"அழாதே தங்கச்சி," என்றது கடலைத் தோலிடம். "அடுத்த பத்து நாள் உன் சாறைத்தான் இவரு குடிச்சாகணும்."