முந்தி எங்கும் காட்டவில்லை

“இதற்கு முன்னால் பிள்ளையை எங்காவது காட்டினாளா என்று கேள்” என்று எங்கள் பெரிய டொக்டர் மெடம் என்னிடம் சிங்களத்தில் சொன்னார்.

நான் பிள்ளையின் தாய் ஜுனைதாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள்.

சனிக்கிழமை பகல் பன்னிரண்டரைக்கு அந்தப் பிள்ளையை அவள் காட்டியது என்னிடம்தான்.

இன்று திங்கள். விடியற்காலை ஐந்து மணிக்குப் பிள்ளை செத்துப்போனது. பெண் பிள்ளை, ஐந்து வயது, மூளைக்காய்ச்சல். தகப்பன் றஹீம் தம்புள்ளையில் லொறிகளுக்கு மரக்கறி மூட்டை ஏற்றுகிறவர். பிள்ளையின் உடலை ஒரு வேனில் வைத்து அடக்கத்துக்குக் கொண்டுபோய்விட்டார். தாய் மட்டும் ஆஸ்பத்திரியில் நின்றாள். ஏதாவது கடுதாசி வாங்க நிற்கிறாளாக்கும் என்று நினைத்தோம்.

எங்கள் பிள்ளைகள் வாட்டில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை ஒன்று செத்தால் அன்றைக்கே பத்து மணிக்குப் பயிற்சி டொக்டர்மார் ஆறு பேரும் மெடத்தின் அறையில் கூட வேண்டும். எங்கே பிழை நடந்தது என்று பேச வேண்டும். தாய் நின்றால் தாயையும் கூப்பிடுவார். பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் அவளுடைய பாஷையில்தான் கேட்க வேண்டும் என்பது மெடத்தின் பிடிவாதம். நல்ல பிடிவாதம். தமிழ் பேசுகிற வீட்டுப் பிள்ளை என்றால் கேட்கிற வேலை எனக்கு.

சனிக்கிழமை, எங்கள் ஆறு பேரில் ஒருவனான ஜெயரட்ணம் சோதனை பாஸ் பண்ணியதற்கு மெஸ்ஸில் சாப்பாடு. என்னிடம் மருந்துக்கு வந்த வரிசையில் கடைசியாக ஜுனைதா நின்றாள். ஜெயரட்ணம் கதவுக்குள் தலையை நீட்டினான்.

“மச்சான், கோழிக்கால் எல்லாம் முடியப்போகுது. இன்னும் என்ன படம் காட்டுறே?”

பிள்ளை தாயின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. இரண்டு நாளாகச் சூடு, தலையிடி என்று அழுகிறாள் என்று தாய் சொன்னாள்.

நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். கட்டிலில் கிடத்தி, கழுத்து விறைத்திருக்கிறதா என்று வளைத்துப் பார்த்திருக்க வேண்டும். இரண்டு நிமிட வேலை. படிக்கிற பொடியனுக்கும் தெரிந்த வேலை.

“தூங்கட்டும், எழுப்ப வேண்டாம்” என்றேன். அக்கறை மாதிரியே சொன்னேன். சூட்டுக்குப் பாணி மருந்து எழுதிக் கையெழுத்து வைத்துத் துண்டைக் கொடுத்தேன்.

பிறகு போய்க் கோழிக்கால் தின்றேன்.

ஞாயிறு மாலை பிள்ளை வலிப்போடு திரும்பி வந்தபோதே ஆறு பேருக்கும் விஷயம் தெரியும். எங்களில் அவளை வாட்டில் சேர்த்துக்கொண்டவன், சனிக்கிழமை காட்டியதை எழுதாமல் விட்டான். நான் கேட்கவில்லை. அவனாக விட்டான். ஒரே சட்டியில் தின்கிறவர்கள் நாங்கள்.

ஆனால் துண்டு அவளிடம் இருந்தது. அதை எடுத்து மேசையில் வைத்தால் மெடம் என் பயிற்சிப் புத்தகத்தில் கையெழுத்து வைக்கமாட்டார். பிள்ளை வைத்தியம் எனக்கு அன்றோடு முடிந்தது.

“முந்தி எங்கயாவது காட்டினீங்களா?” என்று கேட்டேன். குரலில் நடுக்கம் இல்லை.

அவளுடைய கை ஒருதரம் மடியில் செருகியிருந்த பேர்ஸுக்குப் போனது. அங்கேயே நின்றது.

“இல்ல டொக்டர். எங்கயும் காட்டல்ல.”

அதை மெடத்துக்குச் சிங்களத்தில் சொன்னேன். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை.

மெடம் விடவில்லை. சனிக்கிழமை ஆமிக்காரர் தேடுதல் நடத்தினார்கள், பாதையை மூடியிருந்தார்களா என்று கேட்கச் சொன்னார். கேட்டேன்.

“பாதை தொறந்துதான் ஈந்திச்சி. நாங்கதான் சொணங்கின. பிழை எங்கடதான்.”

இரண்டு கையையும் வயிற்றோடு சேர்த்துப் பிடித்து, மேசைக்காலைப் பார்த்தபடி நின்றாள். என் அப்பா ரத்தோட்டை றோட்டுக்குக் கல் உடைத்தவர். ஓவசியருக்கு முன்னால் அவரும் இப்படித்தான் நிற்பார். சம்பளத்தில் வெட்டு விழுந்தாலும் பிழை தன்னுடையது என்றுதான் சொல்வார். பார்த்துக்கொண்டு நிற்கிற எனக்கு அப்போது ஓவசியரைக் கொல்ல வேண்டும் போல இருக்கும்.

பிழை அவர்களுடையதுதானாம் என்று மெடத்துக்குச் சொன்னேன்.

மெடம் எழுந்து அவளுடைய தோளில் கை வைத்தார். போகச் சொன்னார். பிறகு உட்கார்ந்து, பெற்றோர் சுணக்கம் என்று அறிக்கையில் எழுதினார். மற்ற நாலு பேரும் கோப்பைத் தேத்தண்ணியைப் பார்த்தார்கள். மேசைக்குக் கீழே ஜெயரட்ணம் என் முழங்காலை அமத்தினான்.

வெளியே வந்ததும் சொன்னான்: “தப்பிட்டே மச்சான். புள்ள போன கவலையில மனுசிக்கு ஒன்னும் நினைவில்ல.”

நானும் அதை நம்பிக்கொண்டு வாட்டுக்குப் போனேன். காலையில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளை இனிமேல்தான் பார்க்க வேண்டும்.

ஒன்பதாம் கட்டிலில் யாரோ ஒரு பெண் தாதிக்கு விவரம் சொல்லிக்கொண்டிருந்தாள். எத்தனை மணிக்குச் சூடு தொடங்கியது, எத்தனை தரம் சத்தி எடுத்தது. தண்ணீர் மாதிரி ஓடுகிற சந்தைச் சிங்களம்.

ஜுனைதா.

கட்டிலில் மூன்று வயதுப் பெண் பிள்ளை கிடந்தது. கையில் சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. காலை எட்டு மணிக்குச் சேர்த்திருக்கிறார்கள். செத்ததன் தங்கச்சி.

என்னைக் கண்டதும் தாய் எழுந்தாள். தான் இருந்த ஸ்டூலை முந்தானையால் துடைத்து என் பக்கம் தள்ளினாள்.

“இவளும் உங்கட கையிலதான்டு மிஸ்ஸி சென்னாங்க” என்றாள் தமிழில்.

தாதி நகரும்வரை பார்த்திருந்து, குரலைத் தாழ்த்தினாள்.

“நான் அங்க ஒன்டும் செல்லல்ல தானே, டொக்டர்.”