வாசலைத் தாண்டிய புள்ளி

தீப்பிடித்த கல்யாண மண்டபத்திலிருந்து கூட்டம் எப்படி வெளியேறியிருக்கும் என்று விசாரணைக்காகக் கணினியில் ஓட்டிக் காட்டினாள் பிரவீணா. ஆட்களெல்லாம் கறுப்புப் புள்ளிகள். புகை பரவியதும் அவை வாசலில் நெருக்கியடித்து, ஒவ்வொன்றாகத் தெருவுக்கு வந்து நின்றன.

“இதுல எங்க வீட்டுக்காரரு எதும்மா?” என்றாள், அந்தத் தீயில் கணவனைப் பறிகொடுத்த கோமு.

அப்படி யாருக்கும் தனிப் புள்ளி கிடையாது. அதைச் சொல்ல மனம் வராமல், பந்திப் பக்கம் இருந்த ஒன்றை நீலமாக்கி மறுபடி ஓட்டினாள் பிரவீணா. நீலப் புள்ளி பத்திரமாக வெளியே வந்துவிட்டது.

“இது வெறும் கணக்குதான்க்கா. தப்பா காட்டுது.”

“சரியாத்தான் காட்டுது. என்கூடவே வெளிய வந்துட்டாரு. மத்தியான வெயிலு, தார் ரோடு. கால் பொசுக்குது, செருப்பு உள்ளயே கெடக்குன்னு நாந்தான் சொன்னேன்.”

வெளியே வந்தவர் திரும்பி உள்ளே போவார் என்று பிரவீணா தன் நிரலில் எழுதியிருக்கவில்லை.

“இன்னொருக்கா போடும்மா” என்றாள் கோமு. நீலப் புள்ளி தெருவுக்கு வந்து நின்றதும், திரையில் அந்த வாசலை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.