அழுகைக் காட்சி

"போர்க்காலத்துல பசங்க எப்படித் திருடங்களா ஆகுறாங்க, அதான் நம்ம படம்," என்றார் டைரக்டர்.

பதினாறு வயது அக்காவும் அவள் தம்பியும் ரேஷன் கிடங்கின் பூட்டை உடைத்தார்கள். பெரிய கேமரா பார்த்துக்கொண்டிருக்க, அரிசி மூட்டைகள் லாரியில் ஏறின.

"பிரமாதம்! அடுத்த சீன்ல போலீஸ் வரும். ஓடாதீங்க, காலைப் பிடிச்சு அழணும்."

தூரத்து ஷாட் பார்க்க டைரக்டரும் லாரியிலேயே தொற்றிக்கொண்டு போனார்.

ஜீப் வந்தது.

"ஐயா, பசி தாங்காம திருடிட்டோம்!" அக்கா தேம்பித் தேம்பி அழுதாள். கொடுத்த வசனத்தில் ஓரெழுத்துகூடப் பிசகவில்லை.

இன்ஸ்பெக்டர் மாட்டிய விலங்கு கனத்தது. டைரக்டர் விட்டுப்போன கேமராவை ஏட்டு திறந்தார். உள்ளே ஒரு செங்கல்தான் இருந்தது.

அக்கா லாரி போன திசையைப் பார்த்தாள். "ஐயா, சத்தியமா நாங்க திருடலை! நடிச்சோம்!"

இன்ஸ்பெக்டர் சிரித்தார். "இவ்வளவு நேரம் உண்மையச் சொன்னே. இப்பதான் நடிக்கிறே."